கொடையில் ஊளையிட்ட கிதார்

முப்பது வருடமாகப் பரணில் கிடந்த எலக்ட்ரிக் கிதாரை, சும்மா பொழுதுபோக்காக மறுபடி வாசிக்கலாமென்று நேற்று இறக்கி ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். 'ஙொய்ங்' என்ற அந்த இரைச்சல் கேட்டதும் கை தானாக வயரை உருவப் போனது.

பிளஸ் டூ படிக்கையில், எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், மதியக்கொடை நேரத்தில் ஒரே ஒரு பாட்டு வாசிக்க அனுமதி வாங்கியிருந்தேன். இரண்டு மாதப் பயிற்சி. மைக்செட்டில் வயரைச் செருகினேன். கம்பியைத் தொடுமுன்பே குழாய் ஸ்பீக்கர் ஊளையிட்டது. உடனே சங்கரன் மாமாவுக்குச் சாமி வந்துவிட்டது. மேளம் வெளுத்து வாங்க, அவர் அரிவாளோடு என்னை நோக்கியே ஆடி வந்தார். நான் கிதாரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, வயர உருவுலே! சாமி மலையேற மாட்டேங்கு!" என்று கத்தினார் மைக்செட் அண்ணாச்சி. உருவினேன். சாமி மலையேறி, மாமா அடங்கினார்.

என் பாட்டு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறு வருடம் கொடைக் கமிட்டித் தலைவர் வீடு தேடி வந்தார். "தம்பி, பாட்டெல்லாம் வேண்டாம். அந்த ஊளைய மட்டும் போட்டுரு" என்றார். ஒரு கலைஞனிடம் கேட்கிற காரியமா இது? அன்றைக்கே கிதாரைப் பரணில் ஏற்றினேன்.

நேற்று இரைச்சல் அடங்குமுன்பே அடுத்த அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "ஏலே, யாருக்குச் சாமி வந்திருக்கு? திருநீறு எடுத்துட்டு வரட்டா?"

"பாட்டும்மா இது, பாட்டு!" என்று கத்தினேன்.

இன்னும் ஒரு கம்பியைக்கூட நான் தொட்டிருக்கவில்லை.