ஹேண்டில்பார் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை

முதுகுவலிக்கு நிமிர்ந்து ஓட்டினால் நல்லது என்று, என் பழைய சைக்கிளுக்குப் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் புது மாடல் ஸ்டெம்மும் அதைப் பொருத்தும் அடாப்டரும் ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். அடாப்டரில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடுவரை அடாப்டர், முன்சக்கரத்தைத் திருப்பும் குழாய்க்குள் இறங்க வேண்டுமாம். ஹேண்டில்பார் இன்னும் உயரமாக இருக்கட்டும் என்று, கோடு வெளியே தெரியும்படியே முறுக்கிவிட்டேன்.

மறுநாள் மகளைப் பின்னால் உட்காரவைத்துச் சூரமங்கலம் போனேன். இடப்பக்க வளைவில் எதிரே டவுன் பஸ் வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பினேன். அது மட்டும் திரும்பியது; சக்கரம் நேராகப் பஸ்ஸை நோக்கி ஓடியது. சைக்கிளைச் சாய்த்தேன்; இருவரும் ரோட்டில் விழுந்தோம். பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"பாப்பாவுக்கு அடி ஏதும் இல்லீங்களே?"

அவளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

இப்போது கோடு மறையும்வரை இறக்கி முறுக்கியிருக்கிறேன். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, ஹேண்டில்பாரைப் பலமாகத் திருப்பிப் பார்க்காமல் கிளம்புவதில்லை. மகள் மட்டும் இன்னும் ஏற மறுக்கிறாள். நானும் கூப்பிடுவதில்லை.