கஞ்சி வேட்டியில் நீலம்

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. திண்டுக்கல்லில் காற்றே அசையவில்லை. வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

தாய்மாமாவுக்கு முப்பத்து நான்கு. பத்தரைக்குள் தாடிக்கொம்பில் பெண் பார்க்க வேண்டும். ஆறாவது இடம். இந்தப் பெண்ணை அவர் ஏற்கெனவே பஸ்ஸில் பார்த்து ஆசைப்பட்டிருந்தார் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அம்மா விறைப்பாகக் கஞ்சி போட்டுக் கொடுத்த வேட்டி. உட்கார்ந்தால் கசங்கும் என்று மாமா நின்றுகொண்டே காபி குடித்தார்.

அந்த நேரம் பார்த்து நான் கொல்லை வேலியில் விழுந்தேன். கருவேல முள் இரட்டையாகத்தான் இருக்கும். கெண்டைக்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளைகள். மாமா சட்டென்று உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா டிங்சரை ஊற்றினாள். பழுப்பாக வழிந்தது, வேட்டியில் பட்டதும் கருநீலமாகப் பரவியது.

"ஏலே தம்பி, நீலம் பாஞ்சிருச்சுடா. ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு பாரு. பாம்புடா," என்றாள் அம்மா மாமாவிடம்.

மாமா வாடகை சைக்கிளில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வரிசை நகர்ந்து டாக்டரைப் பார்க்கும்போது பன்னிரண்டு மணி.

"பாம்பு இல்லப்பா, கஞ்சி. டிங்சர் பட்டா கஞ்சி நீலமாத்தான் ஆகும். வீட்டுக்குப் போங்க."

நடந்ததை அன்றே தரகரிடம் சொல்லி அனுப்பினோம். மறுநாள் அவர் பெண் வீட்டாரின் பதிலோடு வந்தார்.

"கஞ்சி எங்கயாச்சும் நீலமாகுமாங்கிறாக. பொண்ணு பிடிக்கலைன்னா நேராச் சொல்றதுதானே, கதை எதுக்குங்கிறாக."

வேட்டியையே காட்டுகிறேன் என்று மாமா எழுந்தார். அது கொடியில் வெள்ளை வெளேரென்று தொங்கியது. அம்மா கொதிநீரில் அலசியிருந்தாள்.

கல்லூரியில்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. கஞ்சியின் மூலக்கூறு சுருளாக இருக்கிறது. டிங்சரில் உள்ள அயோடின் அதற்குள் போய் மாட்டிக்கொள்கிறது. மாட்டினால்தான் நீலம், சூடு பட்டால் சுருள் பிடியை விட்டுவிடும். வேறொரு கஞ்சித் துணியில் ஒரு சொட்டு டிங்சர் விட்டுக் காட்டியிருக்கலாம். அன்று வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண்ணை வேடசந்தூரில் கொடுத்தார்கள். மாமா ஏழாவது இடம் பார்க்கவில்லை.

அன்று தரகர் போன பிறகும் மாமா கொடியருகே நின்றார். வீண் செலவாகிவிட்டதே என்று வருந்துகிறாராக்கும் என நினைத்து, நான் கணக்குப் பார்த்து ஆறுதல் சொன்னேன்.

"சைக்கிளுக்கு முப்பது காசு, எனக்கு வாங்கித் தந்த பன்னு பத்துக் காசு. மொத்தமே நாப்பது காசுதான் மாமா."