ஒஷாவாவில் தொங்கும் ஒலெனாவின் பலகை

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்டோபரில், ஒரு வியாழக்கிழமை, நானும் ஒலெனா அக்காவும் ஒஷாவாவுக்குப் போனோம். அவ உக்ரேன்காரி, எழுபத்தெட்டு வயது, பார்க்டேலில் எனக்கு அடுத்த அப்பார்ட்மென்ற். ஒஷாவாவில் உக்ரேன் ஆக்களின் மண்டபத்தில் தொங்குகிற பலகை ஒன்றின் படம் அவையளின் பேப்பரில் வந்திருந்தது. பூவும் குருவியும். கீழே 'வரைந்தவர் தெரியாது'. வரைந்தது இவ. பேரைப் போடுவிக்கவேணும் என்று இழுத்துக்கொண்டு போனது நான்.

காலை 9.10க்கு கிங் வீதி ஸ்ட்ரீட்கார் (ட்ராம்), முப்பத்தைந்து நிமிடம். யூனியன் ஸ்ரேசனில் 'கோ' ரெயின், வயது போனவைக்கு அரை ரிக்கற். ஐம்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். வலப்பக்கம் இருங்கோ, ஏரி தெரியும்.

ரெயினில்தான் முழுக்கதையும் சொன்னா, பாதி இங்கிலீசு, பாதி கை. கம்யூனிஸ்ற் ஆட்சியில், மாடு வைத்திருந்த குற்றத்துக்குத் தகப்பனைக் கொண்டுபோனார்களாம். கோயில் கொடிக்குப் பூ வரைந்ததற்குத் தமக்கை மரியாவை. இருவரும் திரும்பவில்லை. சண்டைக்குள் ஜேர்மன்காரர் இவவைப் பிடித்துத் தொழிற்சாலையில் போட்டார்கள். பிறகு அகதி முகாமில், சவர்க்காரப் பெட்டிப் பலகையில் பூனைமயிர்த் தூரிகையால் வரைந்து, ஒரு சோடிச் சப்பாத்துக்குக் கொடுத்ததுதான் இது. வாங்கின குடும்பம் ஒஷாவாவில் குடியேறி மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டது.

ஸ்ரேசனிலிருந்து ராக்சி எட்டு டொலர். சுத்திக் கொண்டுபோனவன், முகம் இன்னும் ஞாபகம். நீங்கள் பஸ் எடுங்கோ.

மண்டபப் பொறுப்பாளர் நம்பவில்லை. தங்கடை அம்மா வரைந்தது என்று மூன்று பேர் முன்னமே வந்தார்களாம். ஆளுக்கொரு பூவாக வரைந்தவையோ என்று கேட்டேன். சிரிக்கவில்லை. ஒலெனா அக்கா கிட்டவும் போகாமல், பின்பக்கம் சவர்க்காரக் கம்பனி முத்திரையும் மூலையில் எரிந்த தழும்பும் இருக்கும் என்றா. கழற்றித் திருப்பினார். இருந்தது. மனுசன் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டுப் பேர் மட்டையையும் பேனையையும் எடுத்தார். என்ன பேர் எழுத?

"மரியா" என்றா.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "உங்கடை பேருக்குத்தானே அக்கா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"வீடு சோதிக்க வருவாங்கள் எண்டு அம்மா மரியாவின்ரை பலகை எல்லாத்தையும் எரிச்சவ. இந்தப் பூ அவள் காட்டித் தந்தது. நான் உயிரோடை இருக்கிறன், என்னை ஆரும் கேக்கலாம். அவளை ஆர் கேப்பினம்?"

மரியா என்றே எழுதினார். இரண்டு பேரையும் எழுத அந்த மட்டையில் இடம் இருந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

போகிறவைக்கு: புதன் தொடக்கம் சனி, பதினொன்று முதல் நாலு மணி, உள்ளே போகக் காசில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ. இடப்பக்கச் சுவரில் மூன்றாவது பலகை. மரியா என்று இருக்கும். வரைந்தது ஒலெனா. அவ சொல்லமாட்டா, அதுதான் நான் எழுதுகிறேன்.