பஸ்ஸில் கேட்ட ஆங்கிலம்

அங்கே போய்விட்டால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்றார்கள். சுற்றிலும் அதையே பேசுவார்கள், ஆறு மாதம் போதும் என்றார்கள். இப்படி அளந்துவிட்ட ஒருவனும் இங்கிலாந்தில் தமிழ்ப் பையன்கள் நிறைந்த அறையில் படுத்துக் கிடந்ததில்லை.

பகுதிநேர வேலை பார்த்த கிடங்கிலும் நம் ஆட்கள்தான். கல்லூரி வகுப்பில் கடைசி வரிசை. பேசினால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். தினமும் என் காதில் முழுசாக விழுந்த ஆங்கிலம் ஒன்றே ஒன்று: பஸ்ஸில் ஒரு பெண் குரலில் ஓடும் அறிவிப்பு.

ஊரில் எங்கள் கொருக்குப்பேட்டைக் குடியிருப்பில் வெளிநாட்டு போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு, எல்லாரும் கேட்கத்தான் பேச வேண்டும். தனியாகப் பேசினால் எதையோ மறைப்பதாக அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார்.

"நைனா, எல்லாரும் இங்கதான் கீறாங்கோ. எதிர்வூட்டு மாமா பொண்ண அங்க அனுப்பலாமான்னு கேக்குறாரு. அது இங்கிலீஷ் வராதுன்னு அழுதுகினு கீது. நீ கொஞ்சம் இங்கிலீஷ் எட்த்து வுடு, கேக்கட்டும்."

எதிர்வீட்டு மாமா சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டிப் பிழைப்பவர். சொந்த வண்டி. அதை விற்றால்தான் பெண்ணை அனுப்ப முடியும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

பஸ் நகர்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள். இந்த பஸ் வேறு வழியாகச் செல்கிறது. அடுத்த அறிவிப்பைக் கவனியுங்கள். அந்த அறிவிப்புக் குரல் இழுப்பது போலவே இழுத்து, ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஓட்டினேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பக்கம் விசில் பறந்தது.

"தொர மாரி பேசுறான்பா!" என்றது ஒரு குரல்.

"எம்புள்ளைய இன்னான்னு நென்ச்சே?" என்றார் அப்பா.

மாமா மகளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "கேட்டுகினியாம்மா? ஏபிசிடிக்கே முழிச்சவன் இவன். இவனுக்கே வந்துச்சுன்னா உனக்கு வராதா?"

ஸ்பீக்கர் கரகரப்பில், நான் ஓட்டிய வேகத்தில், அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை போல. "சரிப்பா" என்றாள்.

வண்டியைப் பார்க்க ஆள் வந்ததாக அடுத்த வாரம் அப்பா சொன்னார். உடனே மாமாவுக்கு நானே போன் போட்டேன்.

"மாமா, எனக்கு இங்கிலீஷ் வராது. அன்னிக்கு நான் சொன்னது பஸ்ல போடுற அனவுன்ஸ்மென்ட். வண்டிய விக்காதீங்க."

மாமா சீறினார்.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? அங்க போன அத்தினி பேரும் இத்தயேதான் சொல்றீங்கோ. இங்க வராத, கஷ்டம், வேல இல்ல. நீ மட்டும் நல்லா இருக்கணும், எம்பொண்ணு இங்கயே கெடக்கணுமா? எரியுதாடா உனக்கு?"

"இல்ல மாமா, சத்தியமா..."

"வய்டா போன."

வண்டி விற்றாகிவிட்டது. வாங்கியவரிடமே மாமா அதைக் கூலிக்கு ஓட்டுகிறார்.

பெண் வந்து சேர்ந்துவிட்டாள். அறை பார்த்துக் கொடுத்தேன். நான் வேலை செய்யும் கிடங்கிலேயே சேர்த்துவிட்டேன். வேறு இடம் எனக்குத் தெரியாது. பார்க்கும்போதெல்லாம் "தேங்க்ஸ்ணா" என்கிறாள். ஒவ்வொரு முறையும் செருப்படி வாங்கியது போல நிற்கிறேன்.