மாமா வாங்கி வந்த மெமரி

தாராவியில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே மேஜை. அதன் மேல் அக்காவின் கம்ப்யூட்டர், அதன் அடியில் என் படுக்கை. அந்த வருஷம் செம்பூரில் ஒரு ஸ்டுடியோக்காரர், கல்யாண ஆல்பம் ஒன்றை மாதிரிக்குச் செய்து அனுப்பும்படி அக்காவிடம் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் வேலை. வேலை கிடைக்காவிட்டால் வைகாசியில் தாய்மாமனோடு கல்யாணம் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள், அதுவும் மாமாவை எதிரில் வைத்துக்கொண்டே. மாமாவுக்கு அக்கா என்றால் உயிர். அது எங்கள் சந்துக்கே தெரியும். எனக்கும் கல்யாணம்தான் வேண்டியிருந்தது, பட்டுப்பாவாடை கிடைக்குமே.

ஆல்பம் அனுப்ப வேண்டிய நாள் பார்த்து கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. நாலு போட்டோவைச் சேர்ந்தாற்போல் திறந்தால் அப்படியே நின்றுவிடும். மெமரி போதவில்லை என்று சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டுக்குப் போய் ஒரு மெமரிப் பட்டை வாங்கி வந்தார். அதன் ஓரத்தில் இருந்த வெட்டும், கம்ப்யூட்டருக்குள் அதைச் செருகும் போர்டில் இருந்த தடுப்பும் நேருக்கு நேர் வரவில்லை.

மாமாவுக்குத் தோல்பை பட்டறையில் வேலை. அங்கே எது பொருந்தாவிட்டாலும் சீவியோ தேய்த்தோ சேர்த்துவிடுவார்கள். கடையில் திருப்பிக் கொடுப்பது கௌரவக் குறைச்சல். அரத்தை எடுத்துவிட்டார்.

"ஒரு நூல் தேச்சா ஏக்தம் கச்சிதமா உக்காந்துரும் பிள்ள."

"ஐயோ மாமா, அரத்தக் கீழ வைங்க! நம்ம போர்டு பழசு, இது புது ரகம். தேச்சு ஏத்துனா ரெண்டும் போயிரும். பழசுக்கு உள்ளதுதான் வேணும்" என்றாள் அக்கா.

மாமா அரத்தைக் கீழே வைத்தார். பிறகு பழைய மெமரியைக் கழற்றித் தரச் சொல்லி, மாதிரிக்கு அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் மறுபடியும் சயான் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் வந்து சேர்ந்தபோது சட்டையைப் பிழியலாம் போல் இருந்தது. இந்தத் தடவை வெட்டு சரியாக வந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அக்கா அழுத்த, இரண்டு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன. சுவிட்சைப் போட்டதும் ஒரு 'பீப்'.

"எல்லா போட்டோவும் தொறக்குதா பாரு பிள்ள" என்றார் மாமா. திறந்தன. முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

ஆல்பம் போனது, வேலை வந்தது, கல்யாணப் பேச்சு நின்றது. மாமாவுக்கு ரிப்பேர் ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். கால் வலிக்கிறது என்று அவர் அன்று மத்தியானம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் போதும், வைகாசியில் மாப்பிள்ளை அவர்தான். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.