ரப்பர் தூள்

மைசூர் நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்து எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்தவர் அவர். எனக்கு இரண்டாம் முறை, அவருக்கு நான்காவது. முன்வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை. கையில் எப்போதும் ஒரே வினாப் புத்தகம். விடைகளைப் பென்சிலில் குறிப்பார். மாலையில் அத்தனையையும் ரப்பரால் அழித்துத் தூளை ஊதுவார். அது என் பக்கம்தான் பறந்து வரும். மறுநாள் அதே கணக்குகளை மறுபடி போடுவார்.

"விடையெல்லாம் மனப்பாடம் ஆயிருக்குமே சார்?" என்றேன் எரிச்சலாக.

"ஆயிடுச்சு குரு. படிக்கறத விட்டா அப்பாவோட மளிகைக் கடையில உக்காரணும். உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது. படிக்கறேன்னா வீட்ல விட்டுடறாங்க."

"பாஸாயிட்டா?"

தூளை ஊதினார்.

பெங்களூரில் தேர்வு. எனக்கு முன் பெஞ்சில் அவர். நான் பாதியில் திணறும்போதே விடைத்தாளின் வட்டங்களைப் பென்சிலால் கருப்பாக்கி முடித்துவிட்டார். மணியடிக்கச் சற்று முன் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வட்டங்களை வரிசையாக ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஊதினார்.

பழக்கத்தில் கை போனதா, வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் நூலகத்தில், அதே நாற்காலியில், அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தார்.