மூணு வேளைச் சோற்றுக்குச் சாட்சி

போன வாரம் ரத்தம் எடுக்கிற பெண் வீட்டுக்கே வந்தாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, பாவம் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தாள். வருஷம் ஒரு தடவை எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தே ஆகவேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கிற என் மகன் செய்திருக்கும் ஏற்பாடு. ஊசி குத்தி முடித்ததும், "மேடம், நாளைக்குக் காலைல இதுவும் வேணும்" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். மூடியோடு சேர்ந்தே ஒரு குட்டி ஸ்பூன். மேலே கோடு கோடாகப் போட்ட சீட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மலம் எடுக்கிற டப்பாவைப் பார்த்து இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிற ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

எங்கள் காலத்தில் தீப்பெட்டிதான். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எண்பதுகளில் ஆவடியில் "மோஷன் டெஸ்ட்" என்று எழுதிக் கொடுத்தால், ஜனங்கள் காலித் தீப்பெட்டிக்குள் ஒரு துண்டு வாழையிலை வைத்து, அதற்குள் சரக்கை வைத்து, நியூஸ் பேப்பரில் சுற்றி, நூல் கட்டிக் கொண்டுவருவார்கள். கல்யாண மோதிரம் மாதிரி. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வருவார்கள். லேபுக்குள் வந்ததும் மேஜையில் மெதுவாகத் தள்ளிவிட்டு, தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள்.

அதைத் திறந்து பார்க்கிறவள் நான். ஆவடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டே அறை கொண்ட ஒரு சின்ன லேப். ஒரு டாக்டர், ஒரு மைக்ரோஸ்கோப், நான். படிப்பு முடிந்த கையோடு சேர்ந்த வேலை. முதல் பதினைந்து நாள் மத்தியான டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. பதினாறாவது நாள் பசி ஜெயித்தது. அதற்கப்புறம் டெஸ்ட்டுக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தயிர் சாதம் சாப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். எங்கள் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை, நாங்கள் குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டில் திருச்சிக்காரர்கள், எதிர்வீட்டில் வேலூர்க்காரர்கள், நாங்கள் திருநெல்வேலி. எல்லாருடைய வரன் விசாரிப்பும் கிணற்றடியில் நடக்கிற பேச்சு மாதிரி நாலு வீட்டுக்கும் கேட்கும். அம்மா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னாள்: "ஏட்டி, அதச் சொல்லித் தொலையாத. ரத்தம் மட்டும் பாக்கேன்னு சொல்லு." அப்படியே நாலு வருஷம் ஊர் முழுக்க நான் ரத்தம் மட்டும் பார்த்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ரத்தத்தைவிட எனக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. முகத்தைச் சுளிக்காதீர்கள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவரில்லை. ஒரு மனுஷன் முதல்நாள் சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், வடை என்று ஒரு பிடி பிடித்திருப்பான். மறுநாள் அவன் தீப்பெட்டியை நான் பார்த்தால், சோற்றில் ஒரு பருக்கைக்கு அடையாளம் இருக்காது. பருப்பு இல்லை. எண்ணெய் இல்லை. கீரை நார் மட்டும் நாலு கிடக்கும், அது யாருக்குமே செரிக்காது. மற்றதெல்லாம் எங்கே? அவன்தான் எடுத்துக்கொண்டுவிட்டான். வெளியே வந்து நிற்கிறானே, அந்த ஆளாகவே ஆகிவிட்டது. முதல் தடவை இது உறைத்தபோது எனக்குப் புல்லரித்தது, சத்தியமாக.

யோசித்துப் பாருங்கள். வெறும் சோற்றை வாயில் போட்டு ஒரு நிமிஷம் மென்றுகொண்டே இருங்கள், இனிக்கும். எச்சில் அதற்குள் மாவைச் சர்க்கரையாக்க ஆரம்பித்திருக்கும். நாம் விழுங்கக்கூட இல்லை, வேலை தொடங்கிவிட்டது! வயிற்றில் சுரக்கிறதே அமிலம், அதன் அண்ணன் எங்கள் லேபில் ஒரு கண்ணாடி பாட்டிலில் இருந்தது. ஒரு சொட்டு பட்டு என் புதுப் புடவையில் ஓட்டை. அந்த ஜாதிச் சரக்கை ஆயுசு முழுக்க உள்ளே வைத்துக்கொண்டு, தன்மேல் வழவழவென்று ஒரு பூச்சைப் பூசிக்கொண்டு, இரைப்பை பாட்டுக்கு வேலை செய்கிறது. அப்புறம் பித்தநீர். எண்ணெய்ப் பாத்திரத்தில் சீயக்காய் போட்டால் பிசுக்கு பிரிகிற மாதிரி, கொழுப்பைப் பொடிப்பொடியாகப் பிரித்துவிடும். கணையம் தன் பங்குக்கு நீரை ஊற்றி ஒவ்வொன்றையும் இன்னும் சின்னதாக வெட்டும். கடைசியில் சிறுகுடல். இருபதடி நீளம், ஒரு சாண் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறது. உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. டர்க்கி டவல் மாதிரி லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி விரல்கள். வருகிற சத்தை அந்த விரல்கள்தான் தொட்டு எடுத்து ரத்தத்தில் போடுகின்றன. தேய்ந்துபோனால் நாலைந்து நாளில் மேல்தோலைப் புதுசாகப் போட்டுக்கொள்கின்றன. யாரும் சொல்லித்தர வேண்டாம், மேஸ்திரி நிற்க வேண்டாம். பெருமாளே, என்ன வேலைப்பாடு!

என் கல்யாணத்தில் இவரிடம் முதன்முதலாகப் பேசினது இதைத்தான். மனுஷர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சரி, அஞ்சலை என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு எங்கேயோ போகிறேன். ஒரு வியாழக்கிழமை காலை. வெள்ளானூரிலிருந்து வந்தாள். என் வயசுதான் இருக்கும், இருபத்திரண்டு, இருபத்து மூணு. இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் வயிறு முன்னால் உப்பியிருந்தது, கை கால் குச்சி. அஞ்சலை மேஜைமேல் ஒன்றல்ல, மூன்று தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தாள். மற்றவர்கள் மாதிரி தள்ளிப் போய் நிற்கவில்லை. என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"எதுக்கும்மா மூணு?" என்றேன்.

"இது நேத்து காலைல. இது நேத்து சாய்ந்திரம். இது இன்னிக்கு, இப்பத்தான், பஸ் ஏறச் சொல்லோ. காலைல கஞ்சி குடுத்தேன். மத்தியானம் பருப்பும் சோறும். ராவுக்கு முட்ட ஊத்தி, எண்ண விட்டுப் பெசஞ்சு குடுத்தேன். மூணு வேளையும் போடறேன்மா. நீ பாத்து எழுதிக் குடு."

"என்ன எழுதணும்?"

"நான் சோறு போடறேன்னு எழுதிக் குடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்துக் கேட்டேன். குழந்தை பெயர் செல்வி. பெற்றவள் அடுத்த பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அஞ்சலை இரண்டாம் தாரமாக வந்து ஒன்றரை வருஷம். அவள் வந்தபோது செல்வி குண்டாக இருந்தாளாம். இந்த ஆறு மாதமாகத் தின்கிறாள், தின்கிறாள், இளைத்துக்கொண்டே போகிறாள். சித்தி என்றால் ஊர் என்ன பேசும் என்று சொல்லவேண்டுமா? ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? போன வாரம் கோவில்பதாகையிலிருந்து செல்வியின் தாய்மாமன் வந்து, குழந்தையின் கையைத் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கே காட்டியிருக்கிறான். "சோறு துன்ற புள்ள கையா இது? ஞாயித்துக்கிழம வர்றேன், எங்கக்கா பொண்ண இட்டுகினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அது இன்னா சொல்லும்? எனக்கின்னா தெரியும், நான் வேலைக்குப் போயிடறேங்குது." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "துன்றாம்மா. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. நான் இன்னா பண்ணுவேன்? என்னிய அம்மான்றா. இவள வுட்டுட்டு நான் எப்டி இருப்பேன்?"

காலையில் தின்றது காலைப் பெட்டியில், மத்தியானம் தின்றது சாயங்காலப் பெட்டியில் என்று அவள் கணக்கு. அப்படியெல்லாம் இல்லையம்மா, ஒரு வேளைச் சோறு உள்ளே போய் வெளியே வர ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

முதல் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயம் விட்டுப் பார்த்தேன். கொழுப்பு, ஆரஞ்சு நிறத்தில் முத்து முத்தாக, இடமே இல்லாமல். அயோடின் விட்டதும் நீல நீலமாக மாவுத் துகள்கள். சாதாரணமாக யார் வயிற்றிலும் மீதமே இருக்காத சமாச்சாரம், இந்தக் குழந்தையிடம் போட்டது போட்டபடி வந்து கிடக்கிறது. அவள் விட்ட எண்ணெய், அவள் வடித்த சோறு. பாவி, இவ சொல்றது நிஜம்.

ஆனால் காரணம் கிடைக்கவில்லை. இரண்டாவது பெட்டியிலும் அதே கதை, காரணம் மட்டும் இல்லை. மூன்றாவதை வைத்தேன், சுடச்சுட வந்தது. மெதுவாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வந்தால், ஒரு ஓரத்தில் இரண்டு கண் என்னையே பார்க்கிறது! பேரிக்காய் மாதிரி உடம்பு, மேலே இரண்டு கண், காற்றில் இலை விழுகிற மாதிரி புரண்டு புரண்டு போகிறது. ஜியார்டியா. கெட்ட தண்ணீரில் வருகிற கிருமி. குடலின் உள்பக்கத்து விரல்கள்மேல் கூட்டமாகப் போய் ஒட்டிக்கொண்டு, சத்தை உள்ளே விடாது. அவள் கணக்குத் தப்பாகப் போட்டு மூன்று பெட்டி கொண்டுவந்தாளே, அதனால்தான் அது அகப்பட்டது. எல்லாரையும் போல நேற்றைய பெட்டி ஒன்றை மட்டும் கொண்டுவந்திருந்தால், ஆறினதும் உருத்தெரியாமல் போகிற அதை நான் கோட்டை விட்டிருப்பேன்.

டாக்டரிடம் ஓடினேன். சிடுசிடு மனுஷர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கண்டதை எழுது. சோறு போட்டாங்களா இல்லையான்னு ரிப்போர்ட்ல ஒரு கட்டம் இருக்கா? நாம என்ன ஜட்ஜா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! "கண்டதைத்தான் சார் சொல்றேன். அவ போட்ட சோத்தை நான் கண்ணால பார்த்தேன். நீங்களும் வந்து பாருங்க."

வந்தார். ஒவ்வொரு கண்ணாடியாக, மூன்றையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வெளியே எட்டிப் பார்த்தார். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்துச் செல்விக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கி, இங்கிலீஷில் நான் எழுதினதற்குக் கீழே தன் கையாலேயே தமிழில் எழுதினார்: "குழந்தைக்கு நல்ல சாப்பாடு தரப்படுகிறது. கிருமியினால் குடல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் மேல் குற்றமில்லை." ஒரு சீல் போடுகிறவர் மூன்று சீல் போட்டார். "நல்லா விழுந்திருக்கா பாரு" என்று என்னிடம் வேறு காட்டினார். சித்தி என்று எழுதாமல் தாய் என்று எழுதினாரே, அந்த மனுஷரை நான் அதற்கப்புறம் ஒரு நாளும் மனசுக்குள் திட்டினதில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தரவேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவிடம் சொல்லவும் முடியாது, நான்தான் ரத்தம் மட்டும் பார்க்கிறவளாயிற்றே!

மாதம் ஒன்று ஆகியிருக்கும். அஞ்சலை வந்தாள், இடுப்பில் செல்வி. மாமன் வந்தானாம். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டானாம். "அப்றம் ஒரு மாசம் பாக்கறேன்னு சொல்ட்டுப் போனான். நாளைக்கு வர்றான்மா. இன்னொரு தபா பாத்துச் சொல்லு." இந்தத் தடவை ஒரே ஒரு பெட்டி.

பார்த்தேன். கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கொழுப்பு இல்லை, மாவு இல்லை, அந்த இரண்டு கண் இல்லை. நாலு கீரை நார்.

"ஒண்ணுமே இல்லம்மா" என்றேன் சந்தோஷமாக.

அவள் முகம் செத்துவிட்டது. "ஒண்ணுமில்லியா? நான் போட்ட சோறு? போன தபா இருந்திச்சுன்னியே!"

"எல்லாத்தையும் அவளே எடுத்துக்கிட்டாம்மா. உங்க சோறு இப்ப அவ உடம்புல இருக்கு."

அஞ்சலை குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சட்டென்று செல்வியை என் கையில் திணித்து, "தூக்கிப் பாரு" என்றாள். தூக்கினேன். கனத்தது. "பஸ் ஸ்டாண்டுலேந்து இங்க வர்றதுக்குள்ள இடுப்பு வுட்டுப்போச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் உள்ளேயிருந்து, "என்னம்மா அங்க சத்தம்?" என்று கத்தினார்.

மறுநாள் மாமன் வந்து குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று சொல்லியனுப்பினாள். அதுதான் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, இரண்டாயிரத்துக்கு முன்பே டாக்டர் போய்விட்டார், லேப் இருந்த மாடியையே இடித்துவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிரகப்பிரவேசத்துக்காக வெள்ளானூர் போனபோது, அஞ்சலை சொன்ன தெருவைத் தேடினேன். தெரு இருந்தது, இரண்டு பக்கமும் அடுக்குமாடி. விசாரித்தேன். எல்லாரும் புதுசாக வந்தவர்கள். பெயரைச் சொல்லிக் கேட்டும் யாருக்கும் தெரியவில்லை.

செல்விக்கு இப்போது நாற்பது வயசு நெருங்கியிருக்கும். மூன்று வயசில் நடந்தது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? அவளுக்காக ஒருத்தி ஆவடி மாடிப்படி ஏறி வந்து, நான் சோறு போடுகிறேன் என்று எழுதிக் கொடு என்று கேட்டு நின்றாள். அதைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான்தான். எனக்கோ அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.